ஒன்பதாம் மேடையின் அமுக்கராப் பால்

ஒன்பதாம் மேடையில் மட்டும் யாருக்கும் எதுவும் மறந்துபோகவில்லை. அது எப்படி என்று விசாரிக்கத்தான் டாக்டர் பெர்ப்பெத்துவா மச்சாது ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஹெலிகாப்டரில் வந்து இறங்கினார்.

மன்னார் வளைகுடாவில், தூத்துக்குடிக் கரையை விட்டு நாற்பது கிலோமீட்டர் உள்ளே, அப்போது பதினான்கு காற்றாலை மேடைகள் நின்றன. ஒவ்வொரு மேடையைச் சுற்றியும் எழுபது எண்பது ராட்சதக் காற்றாடிகள். அவற்றைப் பராமரிக்க மேடைக்கு இருபத்திரண்டு பேர். சமையலுக்கு ஓர் ஆள் தனி. அறுபது நாள் கடலில், இருபது நாள் கரையில். தென் மாவட்டங்களில் பாதிக்கு விளக்கு எரிந்தது இந்த முந்நூற்றுச் சொச்சம் பேரை நம்பித்தான். கடலுக்கு நடுவே வேலை செய்யப் பழகிய ஆட்கள் அதற்கு மேல் கிடைக்கவில்லை.

ஆள் கிடைக்காததற்கு நிறுவனம் கண்ட வழி 'அயரா'. வெளிர்மஞ்சள் நிற மாத்திரை. காலையில் ஒன்று போட்டால் இருபத்திரண்டு மணி நேரம் உடம்பு சோராது. இரண்டு மணி நேரம் கண்ணை மூடினால் போதும். கை நடுங்காது, இடுப்பு வலிக்காது, கொட்டாவி வராது. தொழிலாளர்களுக்கு அது பிடித்துப்போயிற்று. சோர்வில்லாத உடம்பு யாருக்குத்தான் கசக்கும்?

ஒன்றரை வருடம் கழித்து மறதி தொடங்கியது. முதலில் ஸ்பேனரை எங்கே வைத்தோம் என்கிற மறதி. பிறகு சொந்த ஊர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி எந்தப் பக்கம் போவது என்று நிற்கிற மறதி. ஐந்தாம் மேடையில் கிளாட்வின் என்ற மெக்கானிக் பாதுகாப்புக் கொக்கியை மாட்ட மறந்து எண்பது மீட்டர் உயரத்திலிருந்து கடலில் விழுந்து இறந்தான். அதன்பிறகுதான் எல்லா மேடைகளிலும் ஞாபகப் பரிசோதனை நடத்தினார்கள். பதின்மூன்று மேடைகளில் முடிவு மோசம். ஒன்பதாம் மேடையில் இருபத்திரண்டு பேருக்கும் புத்தி தெளிவாக இருந்தது. வேலையிலும் அந்த மேடைக்குத்தான் மூன்றாவது இடம்.

டாக்டர் வந்து இறங்கியபோது முத்துப்பேச்சி சமையற்கட்டில் சொதிக்குத் தேங்காய்ப் பால் பிழிந்துகொண்டிருந்தாள். நாற்பத்தொரு வயது. சிவகிரிக்காரி. மேடைக்கு வந்து நான்கு வருடம் ஆகியிருந்தது.

மேடைப் பொறுப்பாளன் ரூபன் கதவில் தலையை நீட்டினான். "அக்கா, அந்தம்மா ஆபீசுக்குக்கூடப் போகல. நேரா இங்கதான் வாராங்க."

"வரட்டும் தம்பி. சாப்பிட்டாவளான்னு கேட்டியா?"

"பயமா இல்லியாக்கா?"

"எதுக்குப் பயப்படணும்?" என்றாள் முத்துப்பேச்சி. கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்வதற்குள் டாக்டர் உள்ளே வந்துவிட்டார்.

ஒல்லியான பெண்மணி. ஐம்பதை நெருங்கும் வயது. கையில் ஒரு தடித்த நோட்டு. உள்ளே வந்ததும் பேசாமல் நின்று மூச்சை இழுத்தார். அலமாரியில் வரிசையாக இருந்த டப்பாக்களில் மூன்றாவதை எடுத்துத் திறந்து முகர்ந்தார். குதிரை லாயத்து வாடை.

"இது அமுக்கராக் கிழங்கு."

"ஆமாம்மா. ஒங்களுக்குத் தெரியாததா? அயராவே இந்தக் கிழங்குலேருந்து நீங்க எடுத்ததுன்னு சொன்னாவ."

"மேடையில வெளிமருந்து வைக்கக் கூடாதுங்கிறது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எத்தனை நாளா கொடுக்கிறீங்க?"

"பதினாலு மாசமா. வேலை முடிச்சுப் படுக்கப் போகையில, பாலோட."

"யாருக்கும் தெரியாம சாப்பாட்டுல கலந்தீங்களா?"

முத்துப்பேச்சிக்கு முகம் சிவந்தது. "டாக்டரம்மா, நான் ஒரு மேடைக்குச் சமைக்கிறவ. யாருக்கும் தெரியாம ஒரு கல்லு உப்பு கூடப் போட்டதில்ல. ஒவ்வொருத்தரையும் உக்கார வச்சு இது இன்ன கிழங்கு, இன்னதுக்குக் குடுக்கேன்னு சொல்லித்தான் குடுத்தேன். வேண்டாம்னா விட்டுருவேன். ஒருத்தரும் வேண்டாம்னு சொல்லல."

டாக்டர் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். நோட்டைத் திறந்தார். "ஏன் கொடுக்க ஆரம்பிச்சீங்க?"

முத்துப்பேச்சி பிழிந்த தேங்காய்ச் சக்கையை ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டுச் சொன்னாள்.

அவள் கணவன் செல்லப்பாண்டி ஐந்தாம் மேடையில் எலக்ட்ரீஷியன். இருவருக்கும் விடுமுறை ஒன்றாக வருவது அபூர்வம். பதினான்கு மாதத்துக்கு முன்பு நான்கு நாள் ஒன்றாகக் கிடைத்தது. வீட்டுக்கு வந்தவன், பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்ட மகளின் தலையைத் தடவிக் கொடுத்தான். பிறகு முத்துப்பேச்சி பக்கம் திரும்பி, தாழ்ந்த குரலில், "இவ பேரு என்ன?" என்று கேட்டான். பதினொரு வயதுப் பெண். சங்கரவடிவு என்று அவனே ஆசையாக வைத்த பேர். பிள்ளை அதைக் கேட்டுவிட்டது. அழவில்லை. "வடிவுப்பா," என்று சொல்லிவிட்டுப் பையைக் கழற்றி வைக்கப் போய்விட்டது.

அந்த நான்கு நாளும் முத்துப்பேச்சி கணவனைக் கவனித்தாள். அவன் தூங்கவில்லை. படுத்தான், கண்ணை மூடினான், இரண்டு மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்தான். உடம்பு இரும்பாக இருந்தது. கண்ணில்தான் ஆள் இல்லை.

மேடை வேலைக்கு வருமுன் அவள் ஒரு சித்த மருத்துவமனையில் மருந்து செய்யும் கூடத்தில் ஆறு வருடம் வேலை பார்த்தவள். இடித்துச் சலித்த கைகள் அவை. எந்தச் சரக்கை எப்படிச் சுத்தம் செய்வது, எதை எந்தப் பக்குவத்தில் இறக்க வேண்டும் என்பதெல்லாம் பழக்கத்தில் வந்தது. தென்காசி நாட்டு மருந்துக் கடையில் அமுக்கரா வாங்கினாள். அரைக் கிலோ சூரணம் செய்து கணவன் பையில் வைத்தாள். துறைமுகத்துச் சோதனையில் வெளிமருந்து என்று அதைப் பிடுங்கிக் குப்பையில் போட்டார்கள். சமையல் சாமானோடு போன அவள் மூட்டையை மட்டும் யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

"அவருக்குக் குடுக்க முடியல. என் மேடையில இருக்கிறவுகளுக்காவது குடுப்போம்னு ஆரம்பிச்சேன்," என்றாள்.

"எப்படிச் செய்றீங்கன்னு பார்க்கலாமா?"

முத்துப்பேச்சி எழுந்தாள். இதைக் கேட்டு ஒரு படித்தவர் வந்திருப்பது அவளுக்குப் பெருமையாக இருந்தது; அதை மறைக்கவும் இல்லை. பானையில் பாதிக்குப் பாலும் தண்ணீருமாக ஊற்றினாள். "பால் பொடி கரைச்ச பாலுதான். பசும்பாலு இங்க எங்க போக?" பானை வாயில் வெள்ளைத் துணியை இறுகக் கட்டி, அதன்மேல் நறுக்கிய கிழங்கைப் பரப்பி, மேலே ஒரு சட்டியைக் கவிழ்த்து மூடினாள். "புட்டு அவிக்கிற மாதிரிதான். ஆவியில வேகணும். பெறவு நல்லாக் காய வச்சு இடிச்சுச் சலிக்கணும். சுக்கு, மிளகு, திப்பிலி, ஏலம் எல்லாம் அளவோட சேரும். அவிக்காத கிழங்கை நான் யாருக்கும் தர மாட்டேன்."

"தினமும் உண்டா?"

"நாப்பத்தெட்டு நாளு. ஒரு மண்டலம். அதுக்கு மேல வெறும் பாலுதான். கரைக்குப் போயிட்டு வந்தா மறுபடி தொடங்கும். இளைச்ச உடம்புக்கும், காய்ச்சல்ல கெடந்து எந்திரிச்சவுகளுக்கும், தூக்கம் கெட்டவுகளுக்கும் எங்க வைத்தியரு இதைத்தான் எழுதுவாரு. வருசம் பூராத் தின்னச் சொல்லி அவரு எழுதி நான் பாத்ததில்ல."

டாக்டர் ஆவி வருவதைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அந்தக் கிழங்குல ரெண்டு குணம் இருக்கு. ஒண்ணு தெம்பு, இன்னொண்ணு தூக்கம். தூக்கம் தர்ற பொருளை அந்தச் செடி உண்டாக்காதபடி மரபணுவுல ஒரு இடத்தை அணைச்சுட்டேன். தெம்பு மட்டும் நின்னுது. எல்லாரும் கைதட்டினாங்க."

"ரெண்டு குணம்னு யாரு சொன்னா? தூங்க வச்சுத்தானே அது தெம்பு குடுக்கு."

டாக்டர் நோட்டின் பக்கங்களைப் புரட்டினார். ஒவ்வொரு பக்கத்திலும் நெருக்கமான எழுத்து. இன்று செவ்வாய், நான் போவது ஒன்பதாம் மேடை, பொறுப்பாளர் பெயர் ரூபன் என்று முதல் வரியிலேயே இருந்ததை முத்துப்பேச்சி பார்த்துவிட்டாள்.

"நீங்களும் போடுதீயளா?"

"முதல் மாத்திரையை நான்தான் விழுங்கினேன். மூணு வருஷம் ஆச்சு." டாக்டர் நோட்டை மூடினார். "போன வாரம் ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை படிச்சேன். யாரோ ரொம்ப நல்லா எழுதியிருக்காங்களேன்னு நினைச்சேன். கீழே பார்த்தா என் பேர்."

முத்துப்பேச்சி ஒரு தட்டில் சோறு போட்டு, சொதி ஊற்றி, இஞ்சித் துவையல் வைத்து டாக்டர் முன்னால் நகர்த்தினாள்.

டாக்டர் இரண்டு நாள் தங்கி எல்லாருக்கும் ரத்தம் எடுத்தார். புறப்படும் நாளில் மறுபடி சமையற்கட்டுக்கு வந்தார்.

"ஒருத்தர் ரத்தத்துல மட்டும் உங்க கிழங்கோட தூக்கச் சத்து கொஞ்சம்கூட இல்ல. ஜெபமணி."

"அவருக்குத் தைராய்டுக்கு மாத்திரை ஓடுது. அவுகளுக்கு இது ஆகாது. நான் குடுக்கல."

"அவருக்கும் எதுவும் மறக்கலையே?"

முத்துப்பேச்சி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "அவரும் கூடத்தான் படுப்பாரு. மொதப் பத்துப் பதினஞ்சு நாளு முழிச்சுக்கிட்டே கெடந்தாரு. பெறவு அவருக்கும் தூக்கம் வந்துட்டு."

"கூடப் படுப்பாருன்னா? கம்பெனி கொடுக்கிறது ரெண்டு மணி நேரம்தானே?"

வாசலில் நின்ற ரூபன்தான் பதில் சொன்னான். "ஆறு மணி நேரம் மேடம். நாலு தொகுதியாப் பிரிச்சிருக்கோம். ஒரு தொகுதி படுத்தா அவங்க வேலையையும் சேர்த்து மத்தவங்க பார்ப்பாங்க. பதிவேட்டுல எல்லாரும் வேலையில இருக்கிறதா நான் எழுதிடுவேன்."

டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "பேச்சியம்மா, இதை வெளியே சொன்னா ரூபனுக்கு வேலை போகும். உங்க பாலுக்கும் பேர் கிடைக்காது. காப்பாத்தினது தூக்கம்தான், பால் அதுக்கு வழியைத் திறந்துவிட்டுச்சு, அவ்வளவுதான்னு ஆயிடும்."

அந்த வாரம் முழுவதும் அந்தப் பேச்சு முத்துப்பேச்சியின் மனசில் கிடந்து புரண்டது. பாலுக்குப் பேர் வேண்டும் என்று அவளுக்கு ஆசைதான். இல்லை என்று தன்னிடமே அவள் பொய் சொல்லிக்கொள்ளவில்லை.

கிளாட்வினின் சாவையும் மேடைகளின் மறதியையும் பற்றிய விசாரணை தூத்துக்குடியில், துறைமுகத்தை ஒட்டிய ஒரு கூட்ட அரங்கில் நடந்தது. ஓய்வுபெற்ற நீதிபதி ஜுபைதா தலைமை. முத்துப்பேச்சி நல்ல பச்சைச் சேலை உடுத்தி, கிளாட்வினின் மனைவிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

உள்ளே கூப்பிடுவதற்கு முன்பு நிறுவன இயக்குநர் தினகர் அவளைத் தனியாக அழைத்துப் பேசினார். மரியாதையாகத்தான் பேசினார்.

"நீங்க விதியை மீறினதை நாங்க பெரிசா எடுத்துக்கலம்மா. உங்களாலதான் வழி கிடைச்சிருக்கு. அந்தக் கிழங்கோட தூக்கச் சத்தை மட்டும் தனியா எடுத்து ரெண்டாவது மாத்திரை பண்ணப்போறோம். ரெண்டு மணி நேரத் தூக்கம் எட்டு மணி நேரத்துக்குச் சமமாகும். அதுக்கு உங்க பேரையே வைக்கலாம்னு இருக்கோம். 'பேச்சி'. நீங்க எங்க ஆலோசகர். உங்க பால்தான் அவங்க ஞாபகத்தைக் காப்பாத்துச்சுன்னு குழுகிட்ட சொன்னாப் போதும்."

ஊர் ஊராக, கடல் கடலாகத் தன் பேர் போகும் என்று அவளுக்குத் தோன்றியது. உண்மையிலேயே ஒரு கணம் நெஞ்சு நிறைந்தது.

"நான் உள்ள பேசிக்கிடுதேன் சார்," என்றாள்.

நிறுவன வக்கீல் முதல் கேள்வி கேட்டார். "நீங்க கொடுத்த அமுக்கராப் பாலாலதான் ஒன்பதாம் மேடைத் தொழிலாளர்கள் நல்லா இருக்காங்க. சரிதானே?"

முத்துப்பேச்சி நீதிபதியைப் பார்த்தாள். "அம்மா, அமுக்கராவைப் பத்தி எனக்குத் தெரியும். அதைப் பக்குவமாச் செய்ய என் கைக்குத் தெரியும். அதுல எனக்குக் கௌரவம் உண்டு. ஆனா எங்க மேடையில ஜெபமணின்னு ஒருத்தரு இருக்காரு. அவருக்கு அந்தப் பாலு ஒரு சொட்டு நான் குடுக்கல. அவரும் நல்லாத்தான் இருக்காரு."

அரங்கில் சலசலப்பு. தினகர் வக்கீலின் காதில் ஏதோ சொன்னார்.

"அப்போ உங்க மருந்தால பயன் இல்லைன்னு சொல்றீங்களா?" என்றார் வக்கீல்.

"அப்படிச் சொல்லல. மாத்திரை போட்டு முறுக்கிக் கெடக்குற உடம்பை அது இளக்கிவிடும். அசதியை அசதின்னு காட்டிக் குடுக்கும். அதுக்கு மேல அந்த ஆளு படுக்கணும். படுக்க நேரம் வேணும். அவரு படுத்தா அவரு வேலையை இன்னொருத்தர் பாக்கணும். நீங்க கிழங்கை ரெண்டாப் பொளந்து காலையில ஒண்ணு, சாயந்தரம் ஒண்ணுன்னு குடுத்தாலும், நடுவுல அவரு படுக்கிறதுக்கு நேரம் எங்க வச்சிருக்கீய? அந்த நேரத்தை எந்தக் கிழங்குலேருந்து எடுப்பீய?"

நீதிபதி பேனாவை எடுத்தார். "உங்க மேடையில அந்த நேரம் எப்படிக் கிடைச்சுது?"

இந்தக் கேள்விக்கு முத்துப்பேச்சி வாயைத் திறக்கவில்லை. ரூபனுக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள். அதைச் சொல்ல வேண்டியவள் தான் அல்ல என்று நின்றாள்.

பின்வரிசையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. ரூபன் எழுந்தான். "பதிவேட்டுல பொய் எழுதினது நான். பதினாலு மாசமா, தினமும். என் ஆளுங்க ஆறு மணி நேரம் தூங்கினாங்க. அப்படியும் நாங்க மூணாவது இடம். ஒரு தடவை இறுக்கின போல்ட்டை மறுபடி இறுக்கப் போக வேண்டிய வேலை எங்களுக்கு வரல. அதனாலதான்."

அவன் உட்காருமுன் ஜெபமணி எழுந்து நின்றார். பிறகு அவருக்குப் பக்கத்தில் இருந்தவர். ஒன்பதாம் மேடையிலிருந்து வந்திருந்த பதினோரு பேரும் ஒருவர் பின் ஒருவராக எழுந்து நின்றார்கள். முத்துப்பேச்சி அவர்களைத் திரும்பிப் பார்த்தாள். இவர்களுக்கு நான்கு வருடமாகச் சோறு போட்டிருக்கிறோம் என்று நினைத்தபோது அவள் தோள் தானாக நிமிர்ந்தது.

அவர்களுக்குப் பிறகு டாக்டர் பெர்ப்பெத்துவா நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, தனக்கு என்ன ஆயிற்று என்பதை வரிவரியாக வாசித்தார். இரண்டாவது மாத்திரையைத் தன்னால் செய்ய முடியாது என்றார். செய்ய முடிந்தாலும் செய்வதாக இல்லை என்றார்.

தீர்ப்பு வர ஆறு வாரம் ஆகும் என்றார்கள். அதுவரை எல்லா மேடைகளிலும் அயராவை நிறுத்திவைத்து, மோசமாக இருந்தவர்களைக் கரைக்கு அனுப்பினார்கள். செல்லப்பாண்டி சிவகிரிக்கு வந்து சேர்ந்தான். டாக்டரும் வந்தார். ஆஸ்பத்திரியில் சேரச் சொன்னதற்கு, "எனக்கு உங்க வீட்டுல இடம் இருக்குமா?" என்று முத்துப்பேச்சியிடம் கேட்டார். முத்துப்பேச்சி மாடி அறையைக் கூட்டித் துடைத்து, ஜன்னலுக்குத் திரை போட்டுக் கொடுத்தாள். பழைய மருந்துக்கூடத்து வைத்தியரை வரவழைத்து இருவரின் நாடியையும் பார்க்கச் சொல்லி, அவர் எழுதிக் கொடுத்த அளவில்தான் பாலும் கொடுத்தாள்.

செல்லப்பாண்டிக்குப் போன ஞாபகம் திரும்பவில்லை. மகள் பிறந்த நாள், அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு தேர் பார்த்த நாள் எல்லாம் போனது போனதுதான். வைத்தியரும் டாக்டரும் அதில் ஒரே மாதிரி கையை விரித்தார்கள். ஆனால் பிள்ளை தினமும் காலையில் தன் பேரைச் சொல்லிக்கொண்டே வந்தாள். பத்தொன்பதாம் நாள், எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தவன், அவள் வாயைத் திறக்குமுன், "வடிவு, தண்ணி கொண்டா," என்றான். முத்துப்பேச்சி அடுப்படியில் இருந்து அதைக் கேட்டாள். வெளியே வரவில்லை. கையில் இருந்த வேலையை முடித்துவிட்டுத்தான் வந்தாள்.

டாக்டருக்குத் தூக்கம் லேசில் வரவில்லை. ஐந்தாவது வாரமும் அரைமணி, ஒருமணி என்று கண்ணயர்ந்து திடுக்கிட்டு எழுந்துகொண்டிருந்தார். ஆறாவது வாரம் ஒரு வியாழக்கிழமை, காலைப் பலகாரத்துக்குப் பிறகு சும்மா சாய்ந்தவர் அப்படியே உறங்கிப்போனார். மத்தியானம் சாப்பாட்டுக்கு எழுந்திருக்கவில்லை. முத்துப்பேச்சி மேலே போய் எட்டிப் பார்த்தாள். வாய் லேசாகத் திறந்திருக்க, மெல்லிய குறட்டை.

மூன்று மணிக்குப் போன் வந்தது. விசாரணைக் குழுவின் செயலாளர்.

"தீர்ப்பு வந்தாச்சும்மா. பதினாலு மேடையிலயும் அயராவுக்குத் தடை. ஆறு மணி நேரத் தூக்கம் கட்டாயம், அதுக்கு மேடைக்கு எட்டுப் பேர் கூடுதலா எடுக்கணும். ரூபன் மேல நடவடிக்கை வேண்டாம்னு நீதிபதி எழுதியிருக்காங்க. பத்திரிகைக்காரங்க எல்லாம் கூடியிருக்காங்க, டாக்டர் ரெண்டு வார்த்தை பேசணும். அவங்ககிட்ட போனைக் கொடுங்க."

"டாக்டரம்மா தூங்குதாவ."

"எழுப்ப முடியாதா? முக்கியமான செய்தியாச்சே."

"இல்ல சார். மூணு வருசம் கழிச்சுத் தூங்குதாவ. எழுப்ப மாட்டேன்."

"எப்ப எந்திரிப்பாங்க?"

"தூக்கம் தீந்தா எந்திரிப்பாவ."

எதிர்முனையில் யாரோ யாரிடமோ பேசுவது கேட்டது. பிறகு அதே குரல். "சரிம்மா, அப்ப நீங்களே பேசுங்க. எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கர்ல போடறேன். அதுக்கு முன்னால, உங்களை என்னன்னு அறிமுகப்படுத்தறது? மூலிகை நிபுணர்னு போட்டுக்கட்டுமா?"

முத்துப்பேச்சி மாடிப்படியைப் பார்த்தாள். வடிவு மூன்றாம் படியில் உட்கார்ந்து, யாரும் மேலே போகாதபடி காலை நீட்டிக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

"வேண்டாம் சார்," என்றாள் முத்துப்பேச்சி, மாடிக்குக் கேட்காதபடி குரலைத் தணித்து. "முத்துப்பேச்சி. சமையல்காரி, ஒன்பதாம் மேடை. அப்படியே போட்டுக்கிடுங்க."